வேபார் விழுந்தால் செய்யக்கூடாதவை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வருவார்கள். எல்லாரிடமும் ஆர்ச் லினக்ஸ், ஜன்னல்களை அடுக்கிக்காட்டும் ஹைப்பர்லேண்ட், திரையின் மேலே நேரம், பேட்டரி எல்லாம் காட்டும் பட்டையான வேபார். போன வாரம் ஒரு தம்பி, "அண்ணா, அப்டேட் போட்டதிலிருந்து பார் வரவே இல்லை" என்றான். அதைச் சரிசெய்ய அவன் என்ன செய்திருந்தான் என்று பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சில வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை.

கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் கமா விட்டுப்போனது, அடைப்புக்குறி மூடாதது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. டெர்மினலில் வேபாரை ஓட்டினால் அதுவே சொல்லிவிடும்.

லைப்ரரிக்குப் பொய்ப் பெயர் வைக்காதீர்கள்

வேபார் சி++ மொழியில் எழுதப்பட்டது. எஃப்எம்டி, எஸ்பிடிலாக், ஜேசன்சிபிபி என்று பல லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த தயார் நிரல் தொகுப்புகளை, நம்பி ஓடுகிறது. லைப்ரரி ஃபைலின் பெயர் முடிவில் இருக்கும் எண் ஒரு வாக்குறுதி: இந்த எண் மாறாதவரை, லைப்ரரியை நம்பி ஓடும் புரோகிராம்களோடு அது ஒத்துப்போகும் விதமும் மாறாது. எண் 10லிருந்து 11 ஆனால் அந்த வாக்குறுதி முடிந்தது. பழைய வேபார் 10ஐத் தேடும், கிடைக்காது, நின்றுவிடும். உடனே நம் பிள்ளைகள் 11ஐச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி ஃபைல்) போட்டு அதற்கு 10 என்று பெயர் வைக்கிறார்கள். எம்.சி. ரோட்டில் 10 நம்பர் பெட்டிக்குள் 11 நம்பர் செருப்பை வைத்துக் கொடுத்தால் கால் ஒத்துக்கொள்ளுமா?

எஃப்எம்டியில் இதைச் செய்தால் பரவாயில்லை, அது தன் ஃபங்ஷன் பெயர்களுக்குள்ளேயே பதிப்பு எண்ணை வைத்திருப்பதால் உடனே பிழை காட்டி நின்றுவிடும். நான் செய்தது ஜேசன்சிபிபியில். பார் வந்தது. சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். மறுநாள் ஒர்க்ஸ்பேஸ் மாற்றும்போதெல்லாம் விழுந்தது. கான்ஃபிகை மூன்று முறை திருத்தி எழுதினேன், பாரின் பகுதிகளான மாட்யூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், இரண்டு ராத்திரி போனது. அப்புறம்தான், விழுந்த புரோகிராமின் பதிவை எடுத்துத் தரும் கோர்டம்ப்சிடிஎல் வழியாக, பிழைதேடும் கருவியான ஜிடிபியைத் திறந்து, எந்த வழியாக வந்து விழுந்தது என்று காட்டும் பேக்ட்ரேஸ் எடுத்தேன். மேலே நின்றது ஜேசன்சிபிபி. அப்போதும் புத்தி வரவில்லை, வேபாரில்தான் பிழை என்று அதை உருவாக்குபவர்களுக்குப் புகார் எழுதினேன். சம்பளம் வாங்காமல் உழைக்கும் ஒருவர் அதைப் படித்து, சோதித்து, ஒரு மாலையை இழந்தார். இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

சரியான வழி எளிது. வேபார் பைனரி (ஓடும் ஃபைல்) மீது எல்டிடி கட்டளையை ஓட்டுங்கள், எந்த லைப்ரரி இல்லை என்று தெரியும். பிறகு சிஸ்டம் முழுவதையும் அப்டேட் செய்யுங்கள். ஒரு பேக்கேஜை மட்டும் புதிதாக்கி மற்றதைப் பழையதாக விடுவதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. ஆர்ச்சில் பேக்கேஜ்களைக் கவனிக்கும் பேக்மேனின் கான்ஃபிகில் வேபாரை அப்டேட் ஆகாமல் தடுத்து வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். பயனர்களே பேக்கேஜ் பகிரும் ஏயுஆரிலிருந்து நீங்களே கம்பைல் செய்த வேபார் என்றால் மறுபடி கம்பைல் செய்தே ஆகவேண்டும்; அப்டேட் அதைத் தொடாது. முன்பே சிம்லிங்க் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். எந்த பேக்கேஜுக்கும் சொந்தமில்லாத ஃபைல் எது என்று பேக்மேனிடமே கேட்கலாம். விட்டுவைத்தால் நாளை இன்னொரு புரோகிராமும் அதில் விழும்.

வெப்பநிலைக்கு எச்டபிள்யூமான் எண்ணைக் கொடுக்காதீர்கள்

எச்டபிள்யூமான் என்பது லினக்ஸ் சென்சார்களுக்கு வைக்கும் பெயர்; டிரைவர்கள் ஏறும் வரிசையைப் பொறுத்து மெஷின் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அதன் எண் மாறலாம். நேற்று சிபியு, இன்று எஸ்எஸ்டி. கத்திரி வெயிலில் மெஷின் கொதிக்கும்போது பார் 41 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும். சாதனத்தின் முழுப் பாதையையும் சென்சார் ஃபைல் பெயரையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

பேட்டரி பெயரைக் காப்பியடிக்காதீர்கள்

அடுத்தவர் கான்ஃபிகில் இருக்கும் பெயர் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். லினக்ஸில் பேட்டரியின் பெயர் சிலரிடம் பேட்0, சிலரிடம் பேட்1.

குனோமில் ஓட்டாதீர்கள்

வேபார் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள லேயர்ஷெல் என்ற வசதி வேண்டும். திரையைக் காட்டும் முறையான வேலண்டில், குனோம் டெஸ்க்டாப் அதை ஆதரிப்பதில்லை. ஓடாது.

பைத்தான் ஸ்கிரிப்டில் ஃபிளஷை மறக்காதீர்கள்

வேபாருக்குத் தகவல் தரத் தொடர்ந்து ஓடும் ஸ்கிரிப்ட் டெர்மினலில் நன்றாக வரும், பாரில் வெறுமையாக இருக்கும். பைப்பில் எழுதும்போது பைத்தான் வெளியீட்டைத் தேக்கி வைப்பதே காரணம். ஒவ்வொரு வரிக்கும் ஃபிளஷ் செய்தால், அதாவது தேக்கியதை உடனே வெளியே தள்ளினால், போதும்.

அந்தத் தம்பியின் மெஷினில் சிம்லிங்கை அழித்து, முழு அப்டேட் போட்டு, வேபாரை மறுபடி கம்பைல் செய்தோம். அம்மா டீ கொண்டுவருவதற்குள் பார் வந்துவிட்டது. பேட்டரி மட்டும் காட்டவில்லை. அவனுடையது பேட்1.