யூனிகா கேம்பெயின்ல ஃப்ளோசார்ட் போடப்போறீங்களா, முதல்ல யாருக்கு அனுப்பக்கூடாதுன்னு எழுதுங்க

நாகர்கோவில்ல ஒரு ஜவுளிக்கடை ஓணம் ஆஃபர் மெசேஜ் அனுப்பணும்னு வச்சுக்கிடுங்க. யாருக்கு என்ன மெசேஜ் போகணும்னு பெட்டி பெட்டியா ஃப்ளோசார்ட் போட்டு முடிவு பண்ணுத சாஃப்ட்வேர்தான் யூனிகா கேம்பெயின். புதுசா அத படிக்க பிள்ளைய எல்லாரும் திறந்த உடனே, ஆள்கள தேர்ந்தெடுக்க செலக்ட் பெட்டிய இழுத்து போட்டுருதாவ. அதுக்கு முன்னால பேப்பர்ல ரெண்டு பக்கமா எழுதுங்க, யாருக்குப் போகணும், யாருக்குப் போகவே கூடாது. ரெண்டாவது பக்கம்தான் முக்கியம் மக்ளே, மெசேஜ் வேண்டாம்னு சொன்னவிய, போன வாரம்தான் கடையில கம்ப்ளைண்ட் குடுத்துட்டு போனவிய, இவங்களுக்கு ஆஃபர் போச்சுன்னா அந்த குடும்பமே பிறகு கடைப்பக்கம் வராது.

இப்ப ரெண்டு செலக்ட் போடுங்க. ஒண்ணுல போன ஓணத்துக்கு வாங்குனவிய, மார்த்தாண்டம் குழித்துறை கருங்கல் பக்கத்து ஆளுக நெறய வருவாவ, இன்னொண்ணுல அந்த வேண்டாம் லிஸ்ட். ரெண்டையும் மெர்ஜ்ல கொண்டு இணைச்சு முதல் லிஸ்ட்ட இன்க்ளூட்லயும் ரெண்டாவத எக்ஸ்க்ளூட்லயும் வைக்கணும், ரெண்டுலயும் ஒரே ஆள் இருந்தா அவரு வெளிய போயிருவாரு. ஆனா ரெண்டு செலக்ட்டும் ஒரே ஆடியன்ஸ் லெவல்ல இருக்கணும், ஒண்ணு ஆள் கணக்கு ஒண்ணு வீட்டுக் கணக்குன்னா மெர்ஜ் சேக்காது.

அடுத்தது செக்மென்ட், இங்கதான் நின்னு நிதானமா யோசிக்கணும். பட்டு வாங்குனவிய, வேட்டி சட்டை வாங்குனவிய, வெளிநாட்டு நம்பர் உள்ளவிய அப்படின்னு மூணா பிரிக்கோம். நம்ம ஜில்லால வளைகுடா நம்பர் இல்லாத கஸ்டமர் லிஸ்ட்டே கிடையாது, அங்க இருக்கவருக்கு "நாளைக்கு கடைக்கு வாங்க"ன்னு போயி என்ன பிரயோஜனம், வீட்டுக்கு ஆர்டர் பண்ணுத லிங்க் போகட்டும். மூணும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம இருக்கதுக்கு மியூச்சுவலி எக்ஸ்க்ளூசிவ் டிக் போட்டாச்சுன்னா ஒரு ஆள் எந்த செக்மென்ட்ல முதல்ல பொருந்துதாரோ அதுலயே நின்னுருவாரு, அதனால வரிசைதான் முடிவு பண்ணும். வெளிநாட்டு நம்பர மேல வைங்க. கீழ வச்சா பட்டு வாங்குன துபாய்க்காரரு பட்டு செக்மென்ட்ல போயி மாட்டிக்கிடுவாரு.

பிறகு சாம்பிள். கொஞ்சப் பேர மெசேஜ் அனுப்பாம ஒதுக்கி வைங்க, பத்து சதவீதம் போதும், ரேண்டமா எடுக்கணும். முதலாளி "எதுக்கு கஸ்டமர விடுதே"ன்னு கேப்பாரு, ஆனா ஓணத்துக்கு மெசேஜ் இல்லாமலே சனம் துணி எடுக்க வரும், அதனால ஒதுக்கி வச்சவிய எவ்வளவு வாங்குனாவன்னு பாத்தாதான் மெசேஜ்னால வந்த வியாபாரம் எவ்வளவுன்னு தெரியும்.

கடைசில மெயில் லிஸ்ட் பெட்டி. லிஸ்ட்ட ஃபைலா வெளிய குடுக்கதும் யாருக்கு என்ன போச்சுன்னு காண்டாக்ட் ஹிஸ்டரில பதியுததும் இதுதான். எஸ்எம்எஸ்ஸா இருந்தா அனுப்புத கடையோட பேரும் மெசேஜ் டெம்ப்ளேட்டும் டிஎல்டில, அதாவது வியாபார எஸ்எம்எஸ் அனுப்புதவிய பதியுத டெலிகாம் தளத்துல, பதிஞ்சிருக்கணும், அத ஓணத்துக்கு ரொம்ப முன்னாலயே முடிச்சு வைங்க.

ஒவ்வொரு பெட்டியும் வச்ச உடனே டெஸ்ட் ரன் குடுங்க, அது ஹிஸ்டரில எதையும் எழுதாது. பெட்டில வருத எண்ணிக்கைய பாருங்க, மெர்ஜ் தாண்டியும் நம்பர் குறையலன்னா எக்ஸ்க்ளூட் வேலை செய்யலன்னு சந்தேகப்படணும். எல்லாம் சரின்னா மட்டும் நிஜ ரன் குடுங்க, அதுவும் கடையில இதப்பத்தி பதில் சொல்ல ஆள் இருக்க நேரத்துல.