பாடசாலைகளுக்கு பைபர்: வரைபடத்தில் இரண்டு பாதை, மண்ணுக்குள் ஒன்று

கொழும்பில் ஒரு வலயத்தின் பாடசாலைகளை பைபரால், அதாவது ஒளியில் தகவலைக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழைக் கேபிளால், இணைக்கும் திட்டங்களை இளம் பொறியியலாளர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. செப்பு வலையமைப்புக் கேபிளை 100 மீற்றருக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நான் முதலில் தேடுவது, கேபிள் கால்வாயை எங்கே கடக்கிறது என்பதைத்தான். அதில் தொடங்கி, இப்படியான திட்டங்களில் நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இரண்டு கேபிளும் ஒரே பாலத்தில்

வளையமாக இழுத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்தால் இணைப்பு வரும். ஆனால் இரு பக்கமும் மண்ணுக்குள்ளும் வேறாக இருக்க வேண்டும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கால்வாய் குறுக்கிடுகிறது. வீதிகள் பல, பாலங்கள் சில. காலி வீதிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி வேண்டும், உள் வீதிகளுக்கு மாநகர சபையிடம் போக வேண்டும். அலைச்சலுக்குப் பயந்த ஒப்பந்தக்காரர் இரண்டு கேபிளையும் ஒரே குழாய்க்குள் தள்ளிவிடுகிறார்.

அப்படி அமைந்த ஒரு வளையத்தை, நீர்க்குழாய் திருத்த வந்த பெக்கோ ஒரே இழுப்பில் அறுத்துப்போட்டது. தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிவேற்றும் வாரம் அது. வெளியுறை ரப்பர் போல நீண்டு கிடந்தது. உள்ளே இழுபட்ட இழைகள் அறுந்த இடத்திலிருந்து பல மீற்றர் தள்ளியும் முறிந்திருந்தன. இழுத்து ஒட்ட மேலதிகக் கேபிள் சுருள் எங்கும் விடப்படவில்லை; புதுத் துண்டு போட்டு இரு முனையிலும் ஒட்ட வேண்டியதாயிற்று. விடியும்வரை மழைத் தண்ணீரை இறைத்தபடியே ஒட்டினார்கள். இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது, ஏனென்றால் இது விபத்தே அல்ல.

பாதையை நடந்து பாருங்கள். மேன்ஹோல் மூடியைத் திறந்து, குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் காணுங்கள். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் பாதையும் இரண்டு என்று நம்பாதீர்கள்; அவர்களும் ஒரே கம்பத்தில் தொங்கக்கூடும். பாதை வரைபடத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது பாலம் கிடைக்கவில்லையா? கால்வாய்க்கு மேலால் ஒரு வானலை இணைப்பை மாற்றாக வையுங்கள்.

தேவைக்கு மட்டும் இழை வாங்குவது

செலவு தோண்டுவதில்தான். கூடுதலாகப் போடுங்கள்.

பச்சைக் கனெக்டரை நீலத்தில் செருகுவது

கூடவே கூடாது. கனெக்டர் என்பது இழையின் முனையில் இருக்கும் செருகி. பச்சையின் முகம் 8 பாகை சாய்ந்தது, நீலம் நேரானது. சமிக்ஞை இழப்பு கூடும், கண்ணாடி முகமும் பழுதாகும்.

கண்ணாடிக்கு மின்னல் பயமில்லை என்பது

கண்ணாடிக்கு இல்லை, கேபிளின் இரும்புக் கவசத்துக்கு உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கவசத்துக்கு நில இணைப்புக் கொடுங்கள், அல்லது உலோகமே இல்லாத கேபிளை வாங்குங்கள்.

முதல்நாள் ஓடிடிஆர் பதிவை வாங்காமல் விடுவது

ஓடிடிஆர் என்பது இழைக்குள் ஒளியை அனுப்பி, எங்கே இழப்பு, எங்கே முறிவு என்று காட்டும் கருவி. அதன் பதிவு கைக்கு வராமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.