சபையின் வரவைச் சனம் பார்ப்பது எப்படி?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் சனசமூக நிலையத்தின் கணக்குக் கொப்பி பல வருடமாக என் கையில்தான் இருக்கிறது. கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதிய பழக்கம். வடிகான் அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் "சபை காசை என்ன செய்யுது அக்கா?" என்று சனம் கேட்கும். "சபைக்குக் காசு வந்ததா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். செலவைக் கேட்க ஊரே இருக்கிறது. வரவைக் கேட்கத்தான் ஆளில்லை.

முதலில் உங்கள் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது என்று பாருங்கள். நகரத்துக்குள் என்றால் மாநகரசபை. உப்புவெளிப் பக்கம் என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. இது தெரியாமல் மாறிப் போய் நிற்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் பாதீடு, அதாவது சபையின் வரவு செலவுத் திட்டம். சபையின் கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அடுத்த வருடப் பாதீட்டின் வரைவை முன்கூட்டியே பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். இரண்டு மூன்று பேராகக் கொப்பியும் பேனையுமாகப் போங்கள். புத்தகத்தின் தடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருமானப் பகுதியில் ஆதன வரி (வீடு, காணிக்குக் கட்டும் வரி), கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், இவற்றை மட்டும் தேடுங்கள். போன வருடம் எவ்வளவு எதிர்பார்த்தார்கள், எவ்வளவு கைக்கு வந்தது, வரும் வருடம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு கோடி எதிர்பார்த்து அறுபது இலட்சம் வந்தது என்று வையுங்கள். வரும் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி போட்டிருந்தால், அந்தக் காசை நம்பி எழுதிய வீதியும் வடிகானும் கடதாசியில்தான் இருக்கும். "இந்த நிலுவையை எப்படி அறவிடப் போகிறீர்கள்?" என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். பாதீடு நிறைவேறுவதற்கு முன் கேட்டால்தான் பலன்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வட்டார வாரியாக ஆதன வரி நிலுவை, சபைக் கடைகளின் வாடகை நிலுவை, கடைசியாகக் குத்தகை புதுப்பித்த திகதி என்று குறிப்பாகக் கேளுங்கள். தனி ஆட்களின் பெயர் வேண்டாம். தகவல் கொடுப்பதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்ததற்கான துண்டைக் கட்டாயம் வாங்குங்கள்.

இனி நம்முடைய பங்கு. முழு வருட ஆதன வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுப் பணத்தை அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். இது தெரியாத வீடுகள் எத்தனையோ. தைப்பொங்கலுக்கு முதல் கிழமை வீடு வீடாகச் சொல்லுங்கள். நடக்க முடியாத வயதானவர்களின் சிட்டையை வாங்கிக் கட்டி, பற்றுச்சீட்டை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கட்டாதவர்களின் பெயரை ஒருநாளும் பலகையில் போடாதீர்கள். பெயரைக் கெடுத்து வாங்கும் காசு அடுத்த வருடம் வராது.

குப்பையும் காசுதான். சாப்பாட்டுக் கழிவையும் பொலித்தீனையும் பிரித்து வைத்தால் ஏற்றுகிற சுமை குறையும், டீசலும் மிஞ்சும். நம் ஊர் மான்கள் பொலித்தீனைத் தின்னுவதைப் பார்க்கவே வயிறு எரிகிறது.

கோரிக்கை வைக்கும்போது ஒன்றே ஒன்றை, எழுத்தில் கொடுங்கள். எந்த ஒழுங்கை, எத்தனை விளக்கு, வேலை நடக்கும்போது நிலையத்திலிருந்து யார் நின்று பார்ப்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நிறைவேறிய பாதீட்டில் உங்கள் வட்டாரப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். ஜூலையில் அரையாண்டு வரவைக் கேட்கப் போகும்போது அது கையில் இருக்க வேண்டும்.