ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு வாண்மை விருத்திப் பாடநெறி: புதிய ஆசிரியர்களுக்குப் படிப்படியாக

இரண்டாம் தவணை முடியப் போகிறது என்றாலே ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுக்களில் வாண்மை விருத்தி, அதாவது ஆசிரியரின் தொழில்திறனை வளர்க்கும் பாடநெறிகளின் அறிவித்தல்கள் வந்து விழத் தொடங்கிவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது கோடை விடுமுறைக் காலம். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களுக்கான குறுகிய பாடநெறிகளை அப்போதுதான் நடத்துகின்றன. இலங்கையில் நம் ஆகஸ்ட் விடுமுறையும் அதோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது. நியமனம் கிடைத்து ஓரிரு வருடமே ஆன ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்ட்டிபிக்கேட்டை மனதில் வைத்துப் பாடநெறி தேடாதீர்கள். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எங்கே தடக்குப்படுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

படி 1: ஒரே ஒரு சிக்கலை எழுதிக்கொள்ளுங்கள்

தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். "கற்பித்தல் முறையை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் எந்தப் பாடநெறியும் பொருந்தும், அதனால் எதுவும் உதவாது. இப்படி எழுதுங்கள்: "தரம் 7 பிள்ளைகள் பின்னங்களைக் கூட்டும்போது தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுகிறார்கள். 1/2 + 1/3 = 2/5 என்று வருகிறது."

இந்த விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2/5 என்பது அரையை விடக் குறைவு. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையை விடக் குறையுமா? பிள்ளைக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. ஆகவே சிக்கல் பொதுப் பகுதி காண்பதில் மட்டும் இல்லை, விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று முதலில் மட்டிடும் பழக்கம் இல்லாததிலும் இருக்கிறது. இது தெரிந்துவிட்டால் நீங்கள் தேட வேண்டியது "நவீன கணிதக் கற்பித்தல்" இல்லை. எண்ணுணர்வு, மட்டிடல், பிள்ளைகளின் தப்பபிப்பிராயங்கள் பற்றிய பாடநெறி. தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

படி 2: நாட்காட்டியைப் பாருங்கள்

விடுமுறைத் திகதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் கல்வி அமைச்சின் தவணை அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு அட்டவணை வேறு. விடைத்தாள் மதிப்பீட்டுக்கோ பரீட்சை மேற்பார்வைக்கோ பெயர் கொடுத்திருந்தால் அந்த நாட்களையும் கழித்துவிடுங்கள்.

படி 3: எங்கே தேடுவது

முதலில் பக்கத்தில் கேளுங்கள். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம என்று நான்கு கல்வி வலயங்கள் உண்டு. உங்கள் வலயத்தின் ஆசிரிய ஆலோசகரை ஒருமுறை நேரில் பாருங்கள். என்னென்ன செயலமர்வுகள் வருகின்றன என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். கேட்கும்போதே எந்த மொழிமூலம் என்று கேட்டுவிடுங்கள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் பிடித்துப் போய், முழுவதும் சிங்களத்தில் நடக்கும் செயலமர்வில் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் இருந்துவிட்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அடுத்தது மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். புறக்கோட்டையிலிருந்து 138 பஸ் அந்தப் பக்கம் போகிறது. நேரில் போக முடியாவிட்டாலும் அவர்களின் இணையத்தளத்தில் தமிழ்மொழி ஆசிரியர் வழிகாட்டிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தப் பாடநெறிக்குப் போவதாக இருந்தாலும் அதற்கு முன் உங்கள் பாடத்தின் வழிகாட்டியை ஒருதடவை வாசித்துவிடுங்கள். நாம் வெளியே தேடும் செயற்பாடு சில நேரம் அதற்குள்ளேயே இருக்கும்.

ஒன்லைன் என்றால், ஆங்கில ஆசிரியர்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் 'டீச்சிங் இங்கிலிஷ்' தளம் நல்ல தொடக்கம். மற்றப் பாடங்களுக்கு பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்லேர்ன்' இருக்கிறது. அங்கு படிப்பது இலவசம், முடித்தால் பங்கேற்புச் சான்றும் தருவார்கள். கோர்செரா போன்றவற்றில் பல பாடநெறிகளுக்குச் சான்றிதழ் வேண்டுமானால் டொலரில் கட்டணம் கட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே அந்தச் செலவு தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகம், நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் எல்லாம் அதை நடத்துகின்றன, ஆனால் அது ஒரு விடுமுறைக்குள் முடிகிற காரியம் இல்லை.

படி 4: கடிதம்

விடுமுறைக்குள் வீட்டிலிருந்து படிப்பதற்கு அனுமதி கேட்டு அலையத் தேவையில்லை, அதிபருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாடசாலை நாட்களிலும் தொடரும் என்றால், அல்லது வெளிநாடு போக வேண்டும் என்றால், கடிதம் கட்டாயம். மேலே "வலயக் கல்விப் பணிப்பாளர்" என்றும் அதன் கீழே "அதிபர் ஊடாக" என்றும் போடுங்கள். பாடநெறியின் பெயர், நடத்தும் நிறுவனம், தொடங்கும் முடியும் திகதிகள், உங்கள் பாடமும் தரமும், இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் வர வேண்டும். பிரதி ஒன்றில் கிடைத்த திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் விடுமுறைக் காலமானாலும் முன் அனுமதி வேண்டும், அதற்கு நாள் எடுக்கும்.

படி 5: நேரத்தை மாற்றிப் பாருங்கள்

நேரலை வகுப்பு என்றால் இதைக் கவனிக்காமல் பதியவே கூடாது. கோடையில் லண்டனுக்கும் நமக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அங்கே பிற்பகல் 2 மணி என்றால் இங்கே மாலை 6.30, பிரச்சினை இல்லை. நியூயோர்க் என்றால் ஒன்பதரை மணித்தியாலம். அங்கே பிற்பகல் 2 மணி வகுப்பு இங்கே இரவு 11.30க்குத் தொடங்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது நடக்காது. பதிவு செய்த வீடியோ தருகிறார்களா என்று பாருங்கள்.

பதியும்போது பெயரை நியமனக் கடிதத்தில் உள்ளபடியே, முதலெழுத்துகளின் ஒழுங்கும் மாறாமல் கொடுங்கள். சான்றிதழில் அதுதான் அச்சாகும். திருமணத்தின் பின் பெயர் மாற்றிய ஆசிரியைகள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

படி 6: படித்ததைச் செய்து பாருங்கள்

விடுமுறையில் வகுப்பு இல்லையே என்று கேட்பீர்கள். மேல்மாடி அக்காவின் மகனும் அவனுடைய இரண்டு நண்பர்களும் போதும். கணக்குப் போட முன்னர், "விடை அரையை விடக் கூடவா, குறையவா?" என்று கேளுங்கள். பிறகு ஒரே நீளமான கடதாசிக் கீலங்களை மடித்து 1/2, 1/3 வெட்டச் சொல்லி, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, 2/5 அளவுக் கீலத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஐந்தாக மடிப்பது சிரமம், அதை மட்டும் நீங்களே அளந்து வெட்டிக்கொண்டு போங்கள். எங்கே குழம்பினார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். மூன்றாம் தவணை தொடங்கியதும் ஒரு வகுப்பில் மட்டும் முயன்று பாருங்கள், எல்லா வகுப்புகளிலும் ஒரேயடியாக வேண்டாம்.

படி 7: கோவை

சான்றிதழின் பிரதியை அதிபரிடம் கொடுத்து உங்கள் சுயவிபரக் கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் வெளிநாட்டு ஒன்லைன் சான்றிதழ் பதவி உயர்வில் தானாகவே கணக்கில் வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதற்கு எது செல்லும் என்பதை 2014 இல் வர்த்தமானியில் வெளியான இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பிலும் (ஆசிரியர் சேவையின் விதிகள்) அதன் பின் வந்த சுற்றறிக்கைகளிலும்தான் பார்க்க வேண்டும். வலயத்தில் உங்கள் கோவையைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் கேட்டாலும் சொல்வார். சந்தைக்கு வரும் எந்தப் பாடநெறியாவது "சம்பள ஏற்றம் உறுதி" என்று விளம்பரம் செய்தால், காசு கட்ட முன் அவரிடமே ஒருதரம் கேட்டுவிடுங்கள்.