பம்ப்பை விட்டு இறங்க மறுக்கும் இதயம்: அவசரத்தில் நடக்கும் தவறுகள்

இதய அறுவை முடிந்து, இதயத்தின் வேலையைச் செய்துவந்த இதய-நுரையீரல் இயந்திரத்தின் (பம்ப்) ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்ததும் மானிட்டரில் ரத்த அழுத்தம் 60-க்கு இறங்குகிறது. உடனே ஒரு கை, இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் ஏற்றும் சிரிஞ்ச் பம்ப்பை நோக்கிப் போகிறது. இந்த இயந்திரத்திலிருந்து நோயாளியை இறக்கும்போது ஏற்படும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. அந்த 60-க்குப் பின்னால் இதயத் தசைச் சோர்வு இருக்கலாம், ரத்தக்குழாய்கள் தளர்ந்திருக்கலாம், ரத்தம் போதாமல் இருக்கலாம், இடது கீழறையின் வெளிவாசல் அடைபட்டிருக்கலாம். அளவீடே பொய்யாகவும் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் முதலில் திறந்திருக்கும் மார்புக்குள் இதயத்தைப் பாருங்கள், அடுத்து எக்கோவை (இதய அல்ட்ராசவுண்ட்) பாருங்கள், சிரிஞ்சைத் தொடுவது அதற்குப் பிறகு.

இறங்கும் முன் சரிபார்ப்பதில் காட்டும் அலட்சியம் தனிக் கதை. மூக்கு வழி வெப்பமானி 36.5 காட்டுகிறதே என்று கிளம்பிவிடுவார்கள். சிறுநீர்ப்பை வெப்பம் 34-லேயே நிற்கும். இறங்கிய அரை மணி நேரத்தில் உடல் மீண்டும் குளிர்ந்து, துடிப்பு தடுமாறும், ரத்தம் உறையாது. அதற்காக அவசரமாகச் சூடேற்றவும் கூடாது. பம்ப்பில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரிலிருந்து வெளிவரும் ரத்தம் 37 டிகிரியைத் தாண்டினால் மூளைக்கு ஆபத்து. பொட்டாசியம் 4 முதல் 5 வரை, அயனிக் கால்சியம் 1.1-ஐ ஒட்டி, அமிலத்தன்மை சரிசெய்யப்பட்டு இருக்க வேண்டும். கார்டியோபிளீஜியாவால் (அறுவையின்போது இதயத்தை நிறுத்தும் கரைசல்) பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தால், இன்சுலின்-குளுக்கோஸ் கொடுத்தோ ஃபில்டர் செய்தோ குறைத்த பிறகே இறங்க முயலுங்கள். கால்சியத்தை, அயோர்ட்டாவை (இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி) அடைத்திருந்த கிளாம்ப்பை எடுத்த கையோடு தள்ள வேண்டாம். ரத்தம் திரும்பிப் பாயத் தொடங்கிய தசையில் அது சேதத்தைக் கூட்டும். 10-15 நிமிடம் பொறுங்கள்.

வென்டிலேட்டரைப் போட மறப்பது கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அனுபவமுள்ள குழுக்களிலும் நடப்பதுதான். நுரையீரலைக் கையால் விரிக்கும்போது திரைக்கு மேலே எட்டிப் பாருங்கள். இடது நுரையீரல் உப்பும்போது லிமா கிராஃப்ட் (மார்பின் உட்சுவர்த் தமனியால் செய்த பைபாஸ் இணைப்பு) விறைத்து இழுபடுகிறதா என்பது அந்த நேரத்தில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

அளவீட்டுப் பொய்க்கு வருவோம். நீண்ட நேர பம்ப்புக்குப் பிறகு மணிக்கட்டுத் தமனியில் காட்டும் அழுத்தம், அயோர்ட்டாவில் உள்ளதைவிட 20-30 மி.மீ. குறைவாக இருக்கலாம். அறுவை மருத்துவர் அயோர்ட்டாவில் விரலை வைத்து "நல்லா இறுக்கமா இருக்கே" என்று சொன்னால் அந்தச் சொல்லை மதியுங்கள். அயோர்ட்டா வேரில் ஒரு ஊசியைச் செருகி டிரான்ஸ்டியூசரில் (அழுத்தத்தை அளக்கும் கருவி) இணைத்தால் ஒரே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். மேசையை உயர்த்திவிட்டு டிரான்ஸ்டியூசரை பழைய உயரத்திலேயே விட்டாலும் கணக்கு தவறும்: 10 செ.மீ. வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 7.5 மி.மீ.

இதய அறையைத் திறந்த அறுவைகளில் காற்றை மறக்கக் கூடாது. மல்லாந்து படுத்திருக்கும் நோயாளிக்கு வலது கரோனரியின் (இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனி) வாய் மேல்நோக்கி இருப்பதால் குமிழிகள் முதலில் அங்கேதான் நுழையும். ஈ.சி.ஜி.யில் 2, 3, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. கோடு உயரும், வலது கீழறை கண்ணெதிரே வீங்கி மந்தமாகும். முழு ஓட்டத்துக்குத் திரும்பி, சராசரி அழுத்தத்தை 80-க்கு மேல் ஏற்றி, அயோர்ட்டா வேர் வென்ட்டை (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்) ஓடவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் குமிழிகள் கடந்து போய்விடும். கால் மணி நேரமாகியும் மாறவில்லையென்றால் காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். கிராஃப்ட் மடங்கியிருக்கலாம். மைட்ரல் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) அறுவையென்றால், அதை ஒட்டி ஓடும் சர்கம்ஃப்ளெக்ஸ் என்ற கரோனரித் தமனி தையலில் சிக்கியிருக்கலாம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது வெளிவாசல் அடைப்புதான். மைட்ரல் வால்வைச் சீரமைத்த பிறகு, அல்லது தடித்த இதயத்தில் அயோர்ட்டிக் வால்வை மாற்றிய பிறகு, மைட்ரலின் முன்னிதழ் சுருங்கும் நேரத்தில் முன்னே உறிஞ்சப்பட்டு ரத்தம் வெளியேறும் வழியை மறித்துக்கொள்ளும். அட்ரினலினைக் கூட்டினால் அழுத்தம் இன்னும் இறங்கும், அதைப் பார்த்து இன்னும் கூட்டுவார்கள். எக்கோவில் சிறிய, வேகமாகத் துடிக்கும் கீழறையும் புதிய மைட்ரல் கசிவும் தெரிந்தால் துடிப்பைத் தூண்டும் மருந்தை நிறுத்துங்கள். ரத்தம் கொடுங்கள், ரத்தக்குழாயை இறுக்கும் ஃபினைலெஃப்ரின் 100 மைக்ரோகிராம் வீதம் கொடுங்கள். துடிப்பு இன்னும் வேகமாக இருந்தால் அதை மெதுவாக்கும் எஸ்மோலால் 10-20 மி.கி.

கீழறை நன்றாகச் சுருங்கியும், அடைப்பில்லாமலும், அறை காலியாக இல்லாமலும் அழுத்தம் மட்டும் ஏறவில்லையென்றால் ரத்தக்குழாய்த் தளர்ச்சி. ரத்தக்குழாயை இறுக்கும் நார்அட்ரினலினை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாமல், அதே வேலையை வேறு வழியில் செய்யும் வாசோபிரசினை நிமிடத்துக்கு 0.03 யூனிட் அளவில் சீக்கிரமே சேருங்கள். அதற்கும் மசியாதபோது கொடுக்கும் மெத்திலீன் ப்ளூவை (கிலோவுக்கு 1.5-2 மி.கி.) எடுக்கும் முன் இரண்டு கேள்விகள்: ஜி6பி.டி. (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உண்டா, மனச்சோர்வுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை சாப்பிடுகிறாரா? அதைக் கொடுத்ததும் ஆக்சிமீட்டர் அளவு பொய்யாகச் சரியும், பதறாதீர்கள்.

பம்ப்பிலிருந்து ரத்தத்தை ஒரு தடவைக்கு 50-100 மி.லி. என்றே திருப்பிக் கொடுங்கள். மையச் சிரை அழுத்தம் ஏற ஏற ரத்த அழுத்தம் இறங்கினால் வலது கீழறை நிரம்பி வழிகிறது என்று பொருள். அப்போது ரத்தத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். கார்பன்-டை-ஆக்சைடை ஏறவிடாமல், முழு ஆக்சிஜன் கொடுத்து, தேவையானால் நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை 20 பி.பி.எம். சேர்க்கலாம். இதயச் சுருக்கத்தைக் கூட்டி ரத்தக்குழாயைத் தளர்த்தும் மில்ரினோனின் தொடக்க அளவு (லோடிங் டோஸ்) கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். அதைப் பம்ப்பில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள், இறங்கியபின் தள்ளினால் அழுத்தம் சரியும். பேசிங் (மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்க வைப்பது) நிமிடத்துக்கு 80-100 இருக்கட்டும். விறைத்த இதயத்தில் கீழறையை மட்டும் பேஸ் செய்தால் மேலறையின் பங்கு வீணாகும்.

இதயம் வீங்கத் தொடங்கினால் உடனே பம்ப்பில் ஏறிவிடுங்கள். 15-20 நிமிடம் காலியாகத் துடிக்கவிட்டு, காரணத்தைத் தேடிவிட்டு மறுமுறை முயலலாம். நாலாவது முயற்சியும் தோற்ற பிறகு பலூன் பம்ப்பை (அயோர்ட்டாவுக்குள் விரிந்து சுருங்கி இதயத்துக்கு உதவும் பலூன்) கேட்பது தாமதம். இரண்டு மருந்துகளை உயர்ந்த அளவில் ஏற்றியும் இறங்கவில்லையென்றால் பலூனா, எக்மோவா (பல நாள் ஓடக்கூடிய இதய-நுரையீரல் துணைக்கருவி) என்று அங்கேயே முடிவெடுங்கள். அயோர்ட்டிக் வால்வில் கணிசமான கசிவு இருந்தால் பலூன் கூடாது. இதயச் செயல்திறன் மிகக் குறைந்த நோயாளிக்கு அறுவைக்கு முன்பே தொடைத் தமனியில் மெல்லிய லைன் ஒன்றைப் போட்டுவைத்தால், நெருக்கடியில் அதன் வழியே பலூனுக்கான வழிகாட்டிக் கம்பியைச் செலுத்திவிடலாம்.

பம்ப்புக்காக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமினை, இதயம் சில நிமிடங்கள் நிலையாக நின்ற பிறகு, குழு முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு போனதும் பம்ப் சக்கர்கள் (சிந்திய ரத்தத்தை உறிஞ்சிப் பம்ப்புக்கு அனுப்பும் குழாய்கள்) நிற்க வேண்டும், இல்லையேல் சர்க்யூட்டில் (பம்ப்பின் குழாய் அமைப்பு) ரத்தம் உறையும். புரோட்டமினால் நுரையீரல் அழுத்தம் எகிறி வலது கீழறை சுருண்டால் மீண்டும் பம்ப்தான். அதற்கு ஹெப்பாரினை முழு அளவில், கிலோவுக்கு 300-400 யூனிட், திரும்பக் கொடுத்து, ஏ.சி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 480 விநாடியைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும். மார்பை மூடும் வரை, பம்ப்பை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் சர்க்யூட்டைக் கழற்றாமல் வைத்திருப்பது இந்த ஒரு தருணத்துக்காகத்தான்.