பூட்டிய பழைய லேப்டாப்பைத் திறக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு லெனோவோ திங்க்பேடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். செகண்ட் ஹேண்டில் 14,000 ரூபாய்க்கு வாங்கியது. "எல்லாம் நல்லா இருக்குண்ணே, பாஸ்வேர்டு மட்டும்தான் தெரியல" என்றான். கடையில் ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். விண்டோஸ் ஓடியது, பாட்டும் ஓடியது. வீட்டுக்கு வந்து ஒரு தடவை மூடித் திறந்ததும் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. உடனே அவன் நண்பன் யூடியூபைப் பார்த்து அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் காசு போன்ற பேட்டரியை அரை மணி நேரம் பிடுங்கி வைத்துப் பார்த்திருக்கிறான். பலன்? கடிகாரம் தப்பாகிவிட்டது, இரண்டு திருகாணியைக் காணோம். பாஸ்வேர்டு மட்டும் அப்படியே கேட்டது.

எந்தப் பூட்டு என்று பார்க்காமலே சாவி தேட இறங்கியதுதான் முதல் தவறு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். பவர் பட்டனை அழுத்திய பிறகு எந்த இடத்தில் நிற்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். படத்துடன் பெயர் காட்டி பின் நம்பரோ பாஸ்வேர்டோ கேட்டால் அது விண்டோஸ் கணக்கின் பூட்டு. நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டால் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதையே குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையில் பூட்டுப் படம் வந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு அல்லது ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

விண்டோஸ் பூட்டு இருப்பதிலேயே எளிது. விற்றவருக்கு ஒரு போன் போட்டால் முடிந்துவிடும். கடைக்காரர்கள் பெரும்பாலும் 1234 மாதிரி ஏதாவது வைத்திருப்பார்கள், சொல்ல மறந்திருப்பார்கள். கேட்க வெட்கப்பட்டு, "பாஸ்வேர்டு ரிமூவர்" என்று கூகுளில் தேடி, கண்ட தளத்திலிருந்து எதையோ இறக்கி ஓட்டுகிறோமே, அது வேண்டவே வேண்டாம். அந்த மென்பொருள்களில் பலவற்றுக்குள் திருட்டு நிரல் இருக்கிறது. பூட்டு திறக்கிறதோ இல்லையோ, அதை இறக்கிய உங்கள் நல்ல கம்ப்யூட்டரும் சேர்ந்து கெடும்.

முன்னாள் உரிமையாளரின் கணக்குக்குள்ளேயே புகுந்துவிட நினைப்பது இன்னொரு தவறு. நாம் வாங்கியது பெட்டியைத்தான். அவருடைய போட்டோக்களும் பிரவுசரில் சேமித்த வங்கி பாஸ்வேர்டும் அந்த விலையில் சேர்த்தி இல்லை. நேராக எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவதுதான் முறை. லாக் ஸ்கிரீனில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ட்ரபிள்ஷூட், அதற்குள் ரீசெட் திஸ் பிசி, அதில் ரிமூவ் எவ்ரிதிங். பிட்லாக்கர் இருந்தால் இந்த வழி பெரும்பாலும் அந்த 48 இலக்க எண்ணில் போய் முட்டிக்கொள்ளும். அப்போது வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டாலரைத் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்ய, அதாவது லேப்டாப்பைக் கிளப்ப வேண்டியதுதான். அதற்கு ஆன் ஆகும்போதே அழுத்த வேண்டியது டெல்லிலும் திங்க்பேடிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பழைய தகவலைப் படிக்கத்தான் பிட்லாக்கர் சாவி (அந்த 48 இலக்க எண்) வேண்டும், அழிப்பதற்குச் சாவி தேவையில்லை.

இங்கே சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 11ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரோ அதற்குப் பிந்தையதோ உள்ள பல லேப்டாப்களில், எங்கே இன்ஸ்டால் செய்வது என்று கேட்கும் திரையில் டிஸ்க் எதுவுமே தெரியாது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துப் புது எஸ்எஸ்டி வாங்கியவரை எனக்குத் தெரியும். அது வெறும் டிரைவர் கோளாறு, டிஸ்க்கை அடையாளம் காட்டும் சின்ன மென்பொருள் இல்லாததுதான். இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரை அதே பென் டிரைவில் போட்டு, லோட் டிரைவர் கொடுத்தால் டிஸ்க் வந்து நிற்கும்.

ப்ராடக்ட் கீ கேட்டால் பதறி, கிராக் செய்த விண்டோஸைத் தேடாதீர்கள். "என்னிடம் கீ இல்லை" என்பதை அழுத்தித் தாண்டுங்கள். முன்பு அதே பதிப்பு முறைப்படி ஓடிய இயந்திரம் என்றால், நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். உரிமம் மதர்போர்டோடு ஒட்டியிருக்கிறது. பழகியது என்பதற்காக விண்டோஸ் 10 போடுவதும் இப்போது சரியில்லை. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 போடலாம். அதற்கும் பழையது என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நன்றாகவே ஓடும்.

ஒரே ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது. இறந்துபோன அப்பாவின் லேப்டாப், அண்ணன் கொடுத்த லேப்டாப் என்றால் ஃபார்மேட் அடிப்பதற்கு முன் வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். பிட்லாக்கர் இருந்த டிஸ்க்கை அழித்துவிட்டால், பிறகு சாவி கிடைத்தும் பயன் இல்லை.

சரி, பையனின் திங்க்பேடுக்கு வருவோம். கேட்டது விண்டோஸ் பாஸ்வேர்டுதான். அழித்துவிடலாம் என்று பென் டிரைவைச் செருகினால், அதிலிருந்து பூட் ஆகவில்லை. பயாஸுக்குள் போய் மாற்றலாம் என்று எஃப்1 அழுத்தினேன். ஒரு சின்னப் பூட்டுப் படம், பக்கத்தில் காலிக் கட்டம். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, அதாவது பயாஸ் அமைப்புகளை மாற்ற விடாத பூட்டு! இது இருந்தாலும் விண்டோஸ் எந்தத் தடையும் இல்லாமல் ஏறும், அதனால் கடையில் யாருக்கும் தெரியாது. பையன் உற்சாகமாக admin, lenovo என்று அடித்துப் பார்க்க ஆரம்பித்தான். மூன்று தடவை தப்பானதும் 0199 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது.

பழைய டெஸ்க்டாப்பில் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றினாலோ, மதர்போர்டில் ஜம்பர் என்ற குட்டி இணைப்பை மாற்றினாலோ பயாஸ் பாஸ்வேர்டு போய்விடும். அந்த நினைப்பில்தான் லேப்டாப்பையும் கழற்றுகிறார்கள். பெரும்பாலான லேப்டாப்களில் அந்தப் பாஸ்வேர்டு மின்சாரம் இல்லாமலும் மறக்காத தனிச் சிப்பில் இருக்கிறது. பேட்டரியைப் பிடுங்கினால் கடிகாரம்தான் போகும், கூடவே கீபோர்டு ரிப்பன் கிழியவும் வாய்ப்பு உண்டு. திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் பதில். டெல் என்றால் நிறுவனத்திடமே வாங்கிய ஆதாரமும் சர்வீஸ் டேகும் (அந்த லேப்டாப்பின் அடையாள எண்) கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். தெருமுனையில் சிப்பையே திருத்தி எழுதித் தருகிறேன் என்பார்கள். கை தவறினால் போர்டு போச்சு. அதற்குப் பணம் செலவழிப்பதைவிட இயந்திரத்தையே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அலுவலகங்கள் கழித்த லேப்டாப்களில் இன்னொரு சங்கடம். புதிதாக விண்டோஸ் போட்டு வைஃபையில் இணைத்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அவர்கள் மெயில் ஐடி கேட்கும். நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்களைப் பதிந்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில் இன்னும் பதிவு இருக்கிறது என்று அர்த்தம். "நெட் இல்லாம செட்டப் பண்ணிக்கோங்க சார்" என்று கடைக்காரர் சொல்வார். அன்றைக்கு வேலை நடக்கும், அடுத்த ரீசெட்டில் மறுபடி வந்து நிற்கும். அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவு பட்டியலிலிருந்து எடுத்தால்தான் தீரும்.

மேக்புக் என்றால் கதை இன்னும் கறார். 2018 முதல் வந்த டி2 சிப் மாடல்களிலும், 2020 நவம்பர் முதல் வந்த எம் வரிசையிலும் ஆக்டிவேஷன் லாக் உண்டு. எத்தனை தடவை ஃபார்மேட் செய்தாலும் பழைய ஆப்பிள் கணக்கைத்தான் கேட்கும். பழைய உரிமையாளர் எந்த ஊரில் இருந்தாலும் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து அந்தக் கருவியைத் தன் கணக்கிலிருந்து நீக்கலாம், இரண்டு நிமிட வேலை. அதை விட்டுவிட்டு டெலிகிராமில் "ஐகிளவுட் அன்லாக்" என்று வருகிறவருக்கு முன்பணம் அனுப்பினால் பணமும் போகும்.

பில் வாங்காமல் விடுவதையும் சொல்லியாக வேண்டும். செல்போன் என்றால் ஐஎம்இஐ எண்ணை வைத்து அரசின் சிஇஐஆர் தளத்தில் சரிபார்க்கலாம்; லேப்டாப்புக்கு அந்த வசதி இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வைத்துக்கொண்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டில் தொகை மட்டும்தான் இருக்கும்.

பையனிடமும் ஸ்கிரீன்ஷாட்தான் இருந்தது. மூன்று நடை நடந்து, கொஞ்சம் சத்தம் போட்டு, மாற்றாக ஒரு டெல் வாங்கி வந்தான். இந்தத் தடவை கடை மேஜையிலேயே ஆஃப் செய்து ஆன் செய்து, எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய்ப் பார்த்தானாம். பில்லில் சர்வீஸ் டேகும் இருக்கிறது. அந்தப் பழைய திங்க்பேடின் இரண்டு திருகாணிக்கு மட்டும் கடைக்காரர் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.