குக்கரும் சப்பாத்திப் பலகையும்: உலோகம் ஏன் சில்லென்று இருக்கிறது?

ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த அலுமினிய குக்கரும் மரத்தாலான சப்பாத்திப் பலகையும் காலையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனாலும் குக்கரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, பலகை அப்படி இல்லை. "உலோகத்துக்கே குளிர்ச்சி அதிகம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நகர்வது எனக்குப் பிடிப்பதில்லை. அது தவறு என்பதை வீட்டிலேயே காட்டிவிடலாம்.

படி 1: முந்தின நாள் ராத்திரி

குக்கரை நன்றாகத் துடைத்து, அடிப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்து வையுங்கள். பக்கத்திலேயே பலகை. அடுப்பு, ஃபிரிட்ஜ், வெயில் எதுவும் கிட்டே வேண்டாம். ஸ்டீல் குக்கர் இதற்குச் சரிவராது, காரணம் கீழே வருகிறது.

படி 2: தொடுங்கள்

காலையில் ஒரு கையை குக்கர் மேலும் மறு கையை பலகை மேலும் வையுங்கள். நம் உள்ளங்கைத் தோல் சுமார் 33 டிகிரி. அறை 25 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மே மாத மதியத்தில் செய்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அறையும் கையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். அறை 40 டிகிரிக்குப் போனால், பலகையைவிட குக்கர்தான் சூடாகத் தெரியும்!

படி 3: ஐஸ் கட்டி

ஒரே டிரேயில் உறைந்த, ஒரே அளவுள்ள 2 ஐஸ் கட்டிகளை எடுத்து இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் வையுங்கள். எது முதலில் கரையும் என்று பிள்ளைகளை முதலில் சொல்லச் சொல்லுங்கள். குக்கர்தானே சில்லென்று இருந்தது, அதனால் பலகையில்தான் சீக்கிரம் கரையும் என்று பலரும் சொல்வார்கள்.

நடப்பது நேர் எதிர். குக்கர் மேல் இருக்கும் கட்டியைச் சுற்றி உடனே தண்ணீர் கோக்கும், கட்டி வழுக்கத் தொடங்கும். பலகை மேல் இருப்பது மெதுவாகத்தான் கரையும். இப்போது கட்டியிலிருந்து 2 விரல் தள்ளித் தொட்டுப் பாருங்கள். குக்கர் அங்கேயும் சில்லிட்டிருக்கும். பலகையில் கட்டிக்கு நேர் கீழேதான் குளிரும். இந்த இடத்தை அவசரப்படாமல் காட்டுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. கட்டி கரையத் தேவையான வெப்பம் குக்கரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடி வந்திருக்கிறது.

ஏன்?

உலோகத்தில் எந்த அணுவோடும் கட்டுப்படாமல் திரியும் எலக்ட்ரான்கள் உண்டு. மின்சாரத்தைக் கடத்துபவையும் இவையே, வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவையும் பெரும்பாலும் இவையே. மரத்தில் அவை கிடையாது. அணுக்களின் அதிர்வு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லப் பரவ வேண்டியதுதான். வெப்பக் கடத்துதிறனில் தாமிரம் சுமார் 400, தூய அலுமினியம் 237, இரும்பு 80, மரமோ 0.1, 0.2 அளவில்தான் (வாட்/மீட்டர்-கெல்வின் அலகில்).

ஆகவே நம் தோல் உணர்வது பொருளின் வெப்பநிலையை அல்ல, கையைவிட்டு வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதையே. 25 டிகிரியில் உள்ள மரத்தைத் தொட்டதும் தோலின் மேற்பரப்பு 31 டிகிரி வாக்கில் நின்றுவிடும். கனமான அலுமினியம் என்றால் கிட்டத்தட்ட 25-க்கே இறங்கிவிடும்.

ஸ்டீல் குக்கர் சரிவராது என்றேனே, அந்த எவர்சில்வருக்கு வெப்பக் கடத்துதிறன் வெறும் 15தான். இரும்போடு கலந்த குரோமியம், நிக்கல் அணுக்கள் எலக்ட்ரான்களின் ஓட்டத்தைச் சிதறடித்துவிடுகின்றன. அதனால்தான் நல்ல எவர்சில்வர் பாத்திரங்களுக்கு அடியில் தாமிரமோ அலுமினியமோ சேர்க்கிறார்கள். அந்த அடுக்கு இல்லாத மெல்லிய பாத்திரத்தில் பால் காய்ச்சினால், தீ படும் இடத்தில் மட்டும் அடிப்பிடிக்கும்.